வெயில் போடும் செம்புக் கோடு

"போர்டு போச்சு."

பழுது பார்க்கும் கடையில் இந்தச் சொல்லை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். எமர்ஜென்சி விளக்கு எரியவில்லை என்று எடுத்துக்கொண்டு போவோம். கடைக்கார அண்ணன் திருகுகளைக் கழற்றுவார். உள்ளே எட்டிப் பார்ப்பார். மோந்தும் பார்ப்பார். "போர்டு போச்சு, அக்கா. வேறே வாங்கிக்கோங்க" என்பார். நாமும் ஒன்றும் கேட்காமல் திரும்பி வருவோம்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் இது அடிக்கடி நடக்கும். முக்கியக் காரணம் இடி. ஐப்பசி பிறந்தால் மாலை வேளையில் இடியும் மழையும் சேர்ந்தே வரும். மலையாளம் பேசுகிறவர்கள் இதைத் துலாவர்ஷம் என்கிறார்கள். எங்கேயோ விழும் இடி மின்கம்பி வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். டி.வி., சார்ஜர், எமர்ஜென்சி விளக்கு என்று செருகி வைத்த பொருள்களில் போர்டு கருகும். வானம் இருட்டும்போதே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். இடி தலைக்கு மேலே வந்த பிறகு பிளக்கைத் தொடக் கூடாது.

அது இருக்கட்டும். போர்டு என்றால் என்ன? அதை எப்படிச் செய்கிறார்கள்? நம் வீட்டில் செய்ய முடியுமா? முடியும். வெயிலும் சலவைச் சோடாவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கவனம் வேண்டும். இரண்டையும் இந்தப் பாடத்தில் படிப்போம்.

பலகையும் பாதையும்

கெட்டுப்போன சிறிய ரேடியோ ஒன்று வீட்டில் கிடக்கிறதா? பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். பழைய பெட்டி டி.வி.யை மட்டும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

ரேடியோவின் உள்ளே ஒரு பலகை இருக்கும். அது மரப்பலகை இல்லை. கண்ணாடி நாரையோ காகிதத்தையோ பசையில் ஊறவைத்து, அழுத்திச் செய்த பலகை. ஒரு பக்கம் சிறு சிறு பொருள்கள் நிற்கும். மறுபக்கம் கோடுகள் ஓடும். நத்தை ஊர்ந்த தடம் போல வளைந்து வளைந்து போகும். அந்தக் கோடுகள் செம்பு. மேலே பூசிய பச்சை வர்ணம் செம்பைக் காக்கிறது.

செம்புக் கோடுதான் மின்சாரம் ஓடும் வாய்க்கால். ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு அது மின்சாரத்தைக் கொண்டு போகிறது. வயலில் இரண்டு வாய்க்கால் உடைந்து கலந்தால் என்ன ஆகும்? தண்ணீர் வேண்டாத இடத்துக்குப் போகும். இங்கே இரண்டு கோடுகள் தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகும். கோடு நடுவில் அறுந்தால் மின்சாரம் போகாது. போர்டு போச்சு என்று அண்ணன் சொல்லும்போது பல நேரம் நடந்தது இவ்வளவுதான். சில கோடுகள் கருகியிருக்கும். சில பொருள்கள் வெடித்திருக்கும்.

புதுப் பலகை கடையில் கிடைக்கும். அதன் ஒரு பக்கம் முழுவதும் செம்பு பூசியிருக்கும். அந்தச் செம்பு எவ்வளவு கனம் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு வையுங்கள். அதில் 35 பங்கு. நம் தலைமுடியைவிட மெல்லியது. 10 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகையில் மொத்தமே 3 கிராம் செம்புதான் இருக்கும்.

நமக்கு வேண்டிய கோடுகளை மட்டும் மூடி வைக்க வேண்டும். பிறகு பலகையைச் செம்பு கரைக்கும் நீரில் போட வேண்டும். மூடாத செம்பு கரைந்து போகும். மூடிய செம்பு நிற்கும். எதை வைத்து மூடுவது? அதுதான் கேள்வி.

நாலைந்து கோடுகள் மட்டும் என்றால் அழியாத மார்க்கர் பேனா போதும். நகப்பூச்சால் வரைகிறவர்களும் உண்டு. அது தவறு இல்லை. ஆனால் இந்தக் காலத்துப் பொருள்களுக்குக் கால்கள் நெருக்கமாக இருக்கின்றன. சில பொருள்களில் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் நடுவே எறும்பு நுழையவும் இடம் இருக்காது. அங்கே மார்க்கர் பேனா உதவாது. அதற்கு வந்ததுதான் ஒளிப்பதிவுப் படலம். கடையில் டிரை பிலிம் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

அறைக்குள் பிறந்த ரேடியோ

பலகையில் கோடு போடும் வழியை வளர்த்தவர்களில் முக்கியமானவர் பால் ஐஸ்லர். அவர் 1907-இல் ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரில் பிறந்தார். இஞ்ஜினீயர் படிப்புப் படித்தார். அவர் யூதர். அந்தக் காலத்தில் யூதர்களுக்கு அங்கே வேலை கிடைப்பது கடினம். பத்திரிகை வேலை பார்த்தார். அப்போது அச்சுத் தொழிலையும் தெரிந்துகொண்டார். 1936-இல் லண்டனுக்குப் போனார்.

அந்தக் காலத்து ரேடியோவில் ஒவ்வொரு கம்பியையும் கையால் வெட்டி, கையால் ஒட்டுவார்கள். ஒரு கம்பி மாறினாலும் ரேடியோ பேசாது. ஐஸ்லர் நினைத்தார்: புத்தகத்தில் எழுத்தை அச்சடிக்கிறோம். கம்பியையும் அப்படி அச்சடித்தால் என்ன? தாம் தங்கியிருந்த அறையிலேயே அப்படி ஒரு ரேடியோ செய்தார். ஒரு கம்பெனிக்குக் கொண்டு போய்க் காட்டினார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். கம்பி ஒட்டும் வேலையைப் பெண்கள் செய்கிறார்கள், அவர்கள் கூலி மலிவு, பிறகு இது எதற்கு என்று காரணம் சொன்னார்களாம்.

பெண்களின் கூலி மலிவு என்பதால் ஒரு புது வழி காத்துக் கிடந்தது. இந்த இடத்தில் எங்கள் வகுப்பில் எல்லா அக்காமாரும் சிரித்தார்கள். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

1943-இல் ஐஸ்லர் காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் குண்டுகளின் உள்ளே இருக்கும் கருவிக்கு இந்த வழி பயன்பட்டது. போர் முடிந்த பிறகு ரேடியோவுக்கும் டி.வி.க்கும் வந்தது. ஐஸ்லர் 1992-இல் இறந்தார்.

முதலில் செம்பின் மேல் ஒளி பட்டால் மாறும் ஒரு நீரைத்தான் பூசினார்கள். அது ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் படியும். காயும் வரை தூசி விழாமல் காக்க வேண்டும். 1968-இல் டூபான்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி அதைப் படலமாகவே செய்து விற்றது. ஒட்டினால் போதும். காய வைக்க வேண்டியதில்லை. நீர் இல்லாததால் அதற்கு உலர் படலம் என்று பெயர்.

நம் மாநிலத்தில் 1973-இல் கெல்ட்ரான் தொடங்கியது. மாநில அரசு நடத்தும் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அது. அதன் தலைமை அலுவலகம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் கெல்ட்ரான் டி.வி. பல வீடுகளில் இருந்தது. உங்கள் வீட்டில் இருந்ததா?

வெளிச்சம் பட்டால் இறுகும்

வெயிலில் வேலை செய்கிறவரின் கையைப் பாருங்கள். வாட்ச் கட்டிய இடம் வெளுத்திருக்கும். மற்ற இடம் கறுத்திருக்கும். வெயில் பட்ட இடம் மாறுகிறது. மூடிய இடம் மாறவில்லை. படலத்தின் வேலையும் இதுதான்.

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறது. அதைப் புற ஊதாக் கதிர் என்பார்கள். அது பட்ட இடத்தில் படலம் இறுகிவிடும். படாத இடம் இளக்கமாகவே இருக்கும். சலவைச் சோடா கலந்த நீரில் இளகிய இடம் கரையும். இறுகிய இடம் கரையாது. வெளிச்சம் பட்டது நிற்கும், படாதது போகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் தானாக விளங்கும்.

ஆகவே கோடு இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் பட வேண்டும். மற்ற இடத்தை மறைக்க வேண்டும். இதற்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் படம் எடுப்பார்கள். கோடுகள் தெளிவாக இருக்கும். மற்ற இடம் எல்லாம் கறுப்பு. பழைய போட்டோ நெகட்டிவ் நினைவு இருக்கிறதா? முகம் கறுப்பாகவும் தலைமுடி வெள்ளையாகவும் இருக்கும். இதுவும் நெகட்டிவ்தான். கம்ப்யூட்டர் சென்டரில் லேசர் பிரிண்ட் எடுத்துத் தருவார்கள். கறுப்பு நல்ல கறுப்பாக இருக்க வேண்டும். தாளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்பில் ஊசி முனை போலப் புள்ளிகள் தெரிந்தால் இன்னொரு தாள் எடுத்து, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சிக்கல் வரும். தாளைத் திருப்பி வைத்தாலும் அது தாள்தான். ஆனால் கோடுகள் இடம் வலம் மாறிவிடும். வலது காலுக்குப் போக வேண்டிய கோடு இடது காலுக்குப் போகும். போர்டு பார்க்க அழகாக இருக்கும். வேலை செய்யாது. இதைத் தடுக்க என்ன வழி?

எழுத்துதான் வழி. படத்தின் மூலையில் ஓர் "அ" எழுதுங்கள். செம்புப் பக்கத்தைப் பார்க்கும்போது நேராகத் தெரியும்படி எழுத வேண்டும். தாளைப் பலகை மேல் வைத்ததும் அந்த "அ"வைப் படியுங்கள். நேராகப் படிக்க வந்தால் தாள் சரியாக இருக்கிறது. கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருந்தால் தாளைப் புரட்டி வையுங்கள். பெரிய தொழிற்சாலைகளிலும் இப்படி எழுத்து வைக்கும் வழக்கம் உண்டு. "ம" எழுதாதீர்கள். அவசரத்தில் பார்த்தால் ஏமாற்றிவிடும். "அ", "க" நல்லது. தாளில் மை படிந்த பக்கம் படலத்தைத் தொட வேண்டும். மை மேலே இருந்தால் வெளிச்சம் ஓரத்தில் கசிந்து உள்ளே போகும். அதற்கு ஏற்றபடி பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள்.

வேலை தொடங்குவோம்

பலகையை முதலில் நன்றாகத் தேய்க்க வேண்டும். மெல்லிய உப்புத்தாள் அல்லது பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போதும். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் விரிந்து ஓடினால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. மறுபடி தேய்க்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தொட்ட கையால் செம்பைத் தொடாதீர்கள். நம் வீடுகளில் படலம் ஒட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

படலத்தை வெளிச்சத்தில் பிரிக்கக் கூடாது. அது கறுப்பு உறையில் இருக்கும். ஜன்னலைச் சாத்துங்கள். டியூப் லைட்டை அணையுங்கள். மஞ்சள் நிற சீரோ வாட் பல்பு எரியலாம்.

படலத்துக்கு மூன்று அடுக்கு. நடுவில் நீல நிறப் படலம். இரண்டு பக்கமும் நிறமில்லாத பிளாஸ்டிக் தோல். உள்பக்கத் தோலை முதலில் உரிக்க வேண்டும். நகத்தால் உரிக்க வராது. மூலையில் இரண்டு பக்கமும் செலோ டேப் துண்டு ஒட்டி, எதிர் எதிராக இழுங்கள். தோல் தனியாக வந்துவிடும். மேல் தோலை இப்போது தொடாதீர்கள்.

படலத்தைப் பலகை மேல் ஓர் ஓரத்திலிருந்து மெல்ல ஒட்டுங்கள். காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. பிறகு சூடும் அழுத்தமும் கொடுக்க வேண்டும். அடையாள அட்டைக்குப் பிளாஸ்டிக் போடும் லேமினேஷன் மெஷின் இருந்தால் மிக நல்லது. ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் போலவே அதற்கும் இரண்டு உருளைகள். நடுவே பலகையை விட்டால் அழுத்தி வெளியே தள்ளும். கனமான பலகை சில மெஷினில் நுழையாது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். மெஷின் இல்லாவிட்டால் இஸ்திரிப் பெட்டி போதும். மேலே ஒரு வெள்ளைத் தாள் வைத்து, பாலியஸ்டர் துணிக்கு வைக்கும் சூட்டில் மெல்லத் தேய்க்க வேண்டும். பருத்திக்கு வைக்கும் சூடு வேண்டாம். சூடு கூடினால் வெளிச்சம் படாமலே படலம் இறுகிப் பாழாகும்.

இனி வெயில். பலகை மேல் நெகட்டிவ் தாளை வையுங்கள். "அ"வைப் படியுங்கள். மேலே ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டு வைத்து, துணிக் கிளிப்பால் இறுக்குங்கள். வெயிலில் காட்டுங்கள். எத்தனை நேரம்? இதை உறுதியாகச் சொல்ல முடியாது. சித்திரை மாத உச்சி வெயிலும் ஆடி மாத மூடிய வானமும் ஒன்றாகுமா? ஆகவே முதலில் ஒரு சிறு துண்டில் சோதித்துப் பாருங்கள். துண்டை அட்டையால் மூடிவிட்டு, 10 விநாடிக்கு ஒரு முறை அட்டையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். ஒரே துண்டில் 10, 20, 30, 40 விநாடி வெயில் பட்ட இடங்கள் கிடைக்கும். கழுவிய பிறகு எந்த இடம் நன்றாக நிற்கிறதோ அந்த நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தையும் மணியையும் சேர்த்து எழுதுங்கள். வெயில் பட்ட படலம் கருநீலமாக மாறும். அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடவப்பாதி மழைக் காலத்தில் வெயிலை நம்பிப் பயனில்லை. புற ஊதா விளக்கு வைத்திருக்கும் கடைகள் உண்டு. அந்த விளக்கைக் கண்ணால் நேரே பார்க்கக் கூடாது.

வெயில் காட்டியதும் பலகையை இருட்டில் கால் மணி நேரம் வையுங்கள். படலம் இறுகி முடிய அந்த நேரம் வேண்டும். பிறகுதான் மேல் தோலை உரிக்க வேண்டும். இதை மறந்து அப்படியே சோடா நீரில் போட்டால் எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் கரையாது.

எந்தச் சோடா?

எங்கள் பக்கத்தில் மளிகைக் கடையில் சோடா என்று கேட்டால் மூன்று பொருளில் எதுவும் வரலாம்.

ஒன்று ஆப்பச் சோடா. மலையாளத்தில் அப்பக்காரம். மாவில் போடுவது. இது படலத்தைச் சரியாகக் கரைக்காது.

அடுத்தது சலவைச் சோடா. மலையாளத்தில் அலக்குகாரம். துணி வெளுக்கப் போடுவது. நமக்கு வேண்டியது இதுதான்.

மூன்றாவது காஸ்டிக் சோடா. சோப்புக் காய்ச்சுகிறவர்கள் வாங்குவது. இது தோலையும் கண்ணையும் எரித்துவிடும். இதைப் போட்டால் இறுகிய படலமும் சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

மூன்றும் வெள்ளை. மூன்றும் பொட்டலத்தில் வரும். அப்பக்காரம், அலக்குகாரம் என்று எழுதினால் சில எழுத்துகள்தான் வேறு. கடைக்காரர் கையில் கொடுத்ததை வாங்கி வராதீர்கள். உறையில் எழுதியதை எழுத்துக் கூட்டியாவது படித்துவிட்டு வாங்குங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சலவைச் சோடாத் தூள். வீட்டில் தராசு இல்லையா? கடையில் 100 கிராம் நிறுத்து வாங்குங்கள். காகிதத்தில் கொட்டி, 10 சம பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்கு 10 கிராம். தூளாக இல்லாமல் பளிங்குக் கல் போல இருந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அப்போது லிட்டருக்கு 27 கிராம் வேண்டும். வெந்நீர் வேண்டாம். நம் ஊர்த் தண்ணீரின் சூடு போதும்.

பிளாஸ்டிக் தட்டில் அந்த நீரை ஊற்றிப் பலகையைப் போடுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் தடவிக் கொடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் வெளிர் நீலம் கரைந்து, செம்பு பளபளவென்று தெரியும். கருநீலக் கோடுகள் நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அதிக நேரம் ஊறினால் கோடுகளும் உரியும்.

செம்பு கரைக்கும் நீர்

இதன் பெயர் பெர்ரிக் குளோரைடு. எங்கள் வகுப்பில் ரப்பர் வெட்டும் ஓர் அக்கா இருக்கிறார். அவர் கேட்டார்:

"தம்பி, ரப்பர் பாலில் ஊற்றுகிற ஆசிட்டும் இதுவும் ஒன்றா?"

"இல்லை அக்கா. அது பார்மிக் அமிலம். இது வேறு. ஆனால் ஆசிட்டை எப்படிக் கலப்பீர்கள்?"

"தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றணும். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும்."

"இதையும் அப்படித்தான் அக்கா. தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். அப்போதே சூடாகும்."

அக்கா சொன்னது போதும். ரப்பர் ஆசிட்டுக்கு என்ன கவனமோ அதே கவனம் இதற்கும் வேண்டும். கையுறை போடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அலுமினியம், எவர்சில்வர், பித்தளைப் பாத்திரம் எதிலும் இதை ஊற்றக் கூடாது. பாத்திரத்தையே தின்றுவிடும். பிளாஸ்டிக் தட்டு மட்டும்தான். வேட்டி, சேலையில் பட்டால் கறை போகாது.

பலகையைப் போட்டுத் தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருங்கள். பத்து நிமிடமும் ஆகலாம். அரை மணியும் ஆகலாம். மூடாத செம்பு முழுவதும் மறைந்ததும் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்துக் கழுவுங்கள்.

இறுகிய படலத்தை உரிக்க லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் காஸ்டிக் சோடா கலப்பார்கள். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனும் மெல்ல இளக்கும். அது தீப்பிடிக்கும், அடுப்பு அருகே வேண்டாம். பிறகு துளை போட வேண்டும். துளைத் தூளை மூச்சில் இழுக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், செம்பு சீக்கிரம் களிம்பு பிடிக்கும். ஆகவே அன்றே சால்டர் பூசிவிடுவது நல்லது. சால்டரில் ஈயம் உண்டு. கை கழுவாமல் வெற்றிலை போடாதீர்கள்.

மீந்த நீரை எங்கே ஊற்றுவது?

இதைப் பலர் சொல்லித் தருவதில்லை. நான் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிணறு. அடுக்களையிலிருந்து பத்தடியில் கிணறு இருக்கும் வீடுகள் உண்டு. கரைந்த செம்பு எங்கும் போய்விடவில்லை. அந்த நீரில்தான் இருக்கிறது. கீழே ஊற்றினால் மண் வழியாக இறங்கும். ஓடையில் ஊற்றினால் நெய்யாற்றுக்குப் போகும். செம்பு கலந்த நீரில் மீன் வாழாது.

விவசாயம் செய்கிறவர்களுக்கு இதற்கு வழி தெரியும். ரப்பர் மரத்துக்குப் போர்டோ குழம்பு பூசுகிறோம் அல்லவா? மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து செய்வது. மயில்துத்தத்தில் இருப்பதும் செம்புதான். சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க இரும்புக் கத்தியை முக்கிப் பார்ப்பார்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் செம்பு இன்னும் கரைந்தே இருக்கிறது. சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள்.

இங்கேயும் அதே வேலைதான். மீந்த நீரைப் பழைய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றுங்கள். வீட்டுக்கு வெளியே, குழந்தைகளும் கோழியும் வராத இடத்தில் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள். பழைய இரும்பு ஆணிகளையும் கம்பி நாரையும் போட்டு ஒன்றிரண்டு நாள் விடுங்கள். இரும்பின் மேல் செம்பு செந்நிறமாகப் படியும். பிறகு நீற்றிய சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். சேறு போல அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரில் ஒரு சொட்டை மஞ்சள் தடவிய காகிதத்தில் விடுங்கள். ஆரத்தி நீர் போலச் சிவந்தால் சுண்ணாம்பு போதும். தெளிந்த நீரைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் தொலைவில் ஊற்றலாம். சேற்றைக் காய வைத்துப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். தோட்டத்தில் கொட்டாதீர்கள். யாரிடம் கொடுப்பது என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். ஹரித கர்ம சேனைக்காரர்கள் வீட்டுக்கு வரும்போதும் கேட்டு வைக்கலாம்.

நல்ல நீர் ஒரு முறையோடு தீராது. பல பலகைகளுக்குப் பயன்படும். அதனால் பத்திரப்படுத்தி வைப்போம். அங்கேதான் ஆபத்து. பெர்ரிக் குளோரைடு கரைத்த நீர் பார்க்க எப்படி இருக்கும்? கட்டன் சாயா போல இருக்கும். அரிஷ்டம் போல இருக்கும். சர்பத் புட்டியில் ஊற்றி அலமாரியில் வைத்தால் யார் எடுத்துக் குடிப்பார்கள் என்று சொல்ல முடியாது. குடிக்கும் பொருள் வந்த புட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். எந்தப் புட்டியானாலும் சீட்டு எழுதி ஒட்டுங்கள். தமிழிலும் எழுதுங்கள், மலையாளத்திலும் எழுதுங்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறார்கள். சிலர் மலையாளப் பள்ளிக்கூடம் போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓர் எழுத்துதான் படிப்பார். மலையாளம் எழுத வராவிட்டால் பிள்ளையிடம் எழுதி வாங்குங்கள்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

முதல் போர்டுக்குத் தண்ணீர்த் தொட்டி மணி நல்லது. தொட்டி நிறைந்ததும் ஒலிக்கும். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு பஸ்ஸர். தொட்டியின் விளிம்பில் இரண்டு கம்பிகளைத் தொங்க விட வேண்டும். தண்ணீர் ஏறி இரண்டு கம்பியையும் தொட்டதும் மணி அடிக்கும். மோட்டாரை அணைக்கலாம். இதில் ஷாக் அடிக்காது.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் நேராகச் செருகும் எதையும் நாம் செய்த போர்டில் செய்யக் கூடாது. கோடுகளுக்கு நடுவே போதிய இடைவெளி இல்லாவிட்டால் தீப்பிடிக்கும். அதற்குப் படித்தவர் வேண்டும்.

இதைத் தொழிலாகச் செய்யலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். என் கருத்தைச் சொல்கிறேன். ஒரே மாதிரி நூறு போர்டு வேண்டும் என்றால் தொழிற்சாலைதான் மலிவு. இப்போது படத்தை அனுப்பினால் கூரியரில் போர்டு வந்துவிடுகிறது. வீட்டில் உட்கார்ந்து போர்டு செய்து லட்சம் சம்பாதிக்கலாம் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறவருக்கு இது பயன்படும். இருபது வருடத்துக்கு முன் வந்த ஒரு சிறு கருவி. அந்தக் கம்பெனி இப்போது இல்லை. போர்டில் கோடு கருகிவிட்டது. பழைய போர்டைப் பார்த்து ஒரே ஒரு போர்டு செய்ய வேண்டும். அதைத் தொழிற்சாலைக்கு எழுதிக் காத்திருப்பதைவிட, காலையில் வரைந்து மாலையில் கையில் எடுக்கலாம்.

பயிற்சி

1. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சலவைச் சோடாத் தூள். கால் லிட்டருக்கு எத்தனை கிராம்?

2. அப்பக்காரம், அலக்குகாரம். இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். வேறாக இருக்கும் எழுத்துகளின் கீழே கோடு போடுங்கள்.

3. ஒரு மெல்லிய தாளில் "அ" எழுதித் தாளைப் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எப்படித் தெரிகிறது? "ம" எழுதியும் பாருங்கள்.

4. உங்கள் வீட்டில் பெயர் எழுதாத புட்டிகள் எத்தனை? ரப்பர் ஆசிட், பூச்சி மருந்து, மண்ணெண்ணெய், பினாயில் எல்லாவற்றையும் எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த வகுப்புக்கு எண்ணிக்கையை எழுதிக்கொண்டு வாருங்கள்.